ஒரு கந்தோரின் நினைவு



மாணவன் ஒருவன் கட்டுரை எழுதிக் கொண்டுவந்து ஆசிரியரிடம் கொடுக்கின்றான். நடை அழகாயிருக்கின்றது, அவன் வயதுக்குச் சற்று மிஞ்சிய அழகு. ஆசிரியருக்கு ஐயம் எழுகின்றது. "நீ எழுதியதுதானா?" என்று கேட்டால் அவன் ஆம் என்றுதான் சொல்வான். உண்மையைத் துணிவதற்கு ஒரு வழியே உண்டு. அந்த வரிகளை ஆசிரியர் முன்னரே எங்கேனும் படித்திருத்தல் வேண்டும். தாம் படித்திராத நூலிலிருந்து எடுத்த களவைப் பிடித்த ஆசிரியர் எவருமிலர்.

இந்த ஆசிரியர் வேலையையே தொழிலாகக் கொண்ட அரசாங்கக் கந்தோர்கள் உலகிலே பல உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று வருபவனுடைய பத்திரத்தை வாங்கி, "இது புதியதுதானா?" என்று ஆராய்ந்து சொல்வது அவற்றின் கடமை. புதியதாயின் அவனுக்கு ஓர் உரிமையை வழங்கும். அவ்வுரிமையை நம் நாட்டுச் சட்டம் ஆக்கவுரிமை என்கின்றது. தமிழகத்தார் காப்புரிமை என்பர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஐக்கிய அமெரிக்க நாடுகளின் ஆக்கவுரிமைக் கந்தோரைப் பற்றியது. அமெரிக்கரின் கந்தோர் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கந்தோர் ஒருமுறை நம் வீட்டு அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் கதைக்குப் பின்னர் வருவேன்.

முதலிலே ஆக்கவுரிமை என்பது யாதெனத் தெளிந்துகொள்ளுதல் நன்று. அஃது ஒரு பரிசன்று, ஓர் ஒப்பந்தம். கைத்தொழிலில் வல்லவன் ஒருவன் தன் நுட்பத்தை மகனுக்குக்கூட முழுவதும் சொல்லாமல் வைத்திருந்து, அது அவனோடு சுடுகாட்டுக்குப் போன கதைகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அரசு அவனிடம் கூறுவது இதுதான்: "நீ அறிந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. அத்தொழில் தெரிந்த இன்னொருவன் அதைப் படித்துத் தானே செய்யத்தக்கதாக எழுது. குறித்த ஆண்டுகளுக்கு உன்னையன்றி வேறெவரும் உன் அனுமதியின்றி அதைச் செய்யாதவாறு நான் காப்பேன். அதன் பின்னர் அஃது எல்லோருக்கும் உரியதாகும்." அமெரிக்காவில் அந்தக் காலவெல்லை தொடக்கத்தில் 14 ஆண்டுகளாயிருந்தது, இன்று விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆகவே ஆக்கவுரிமைக் கந்தோரின் பெட்டகத்தில் இருப்பவை இரகசியங்களல்ல. எவரும் சென்று படிக்கக்கூடிய பகிரங்கக் கடிதங்களே அங்கு உள்ளன.

அமெரிக்காவின் முதல் ஆக்கவுரிமைச் சட்டம் 1790ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நிறைவேறியது. அன்று கந்தோர் என்று ஒன்று இல்லை. இராசாங்கச் செயலாளர் தோமஸ் ஜெபர்சன், யுத்தச் செயலாளர் ஹென்றி நொக்ஸ், சட்டத்துறை அதிபர் எட்மண்ட் ரண்டொல்ஃப் என்னும் மூவரே கூடியிருந்து விண்ணப்பங்களைப் பார்த்தனர். ஒரு தேசத்தின் வெளிநாட்டு அலுவல்களையும் படையையும் நீதியையும் கவனிப்போர், அடுத்த வேளையில் சாம்பலிலிருந்து பொற்றாசு உப்பு எடுக்கும் முறையைப் பரிசோதித்தனர். அந்தப் பொற்றாசு முறைதான் முதலாவது ஆக்கவுரிமை. பெற்றவர் சாமுவேல் ஹொப்கின்ஸ். பத்திரத்தில் ஒப்பமிட்டவர் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன். அவ்வாண்டு முழுவதிலும் வழங்கப்பட்டவை மூன்றே மூன்று. மந்திரிமாருக்கு நேரமில்லாமற் போனதால் 1793இல் சட்டத்தை மாற்றினார்கள். பரிசோதனையே வேண்டாம்; கேட்பவனுக்குக் கொடுத்துவிடலாம்; வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றாயிற்று. விளைவு என்னவாயிருக்கும் என்பதை நேயர்கள் ஊகிக்கலாம். ஒரே பொருளுக்குப் பலர் உரிமை பெற்றனர். அடுத்தவன் செய்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவனும் பெற்றான். திருத்தாமலே புள்ளி வழங்கும் பரீட்சைக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அந்நிலை 43 ஆண்டுகள் நீடித்தது. அக்காலத்தில் அந்தச் சிறு அலுவலகத்தை நெடுங்காலம் நடத்தியவர் வில்லியம் தோண்டன் என்னும் வைத்தியர். அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்துக்கு முதற் படம் வரைந்தவரும் அவரே. 1814ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரித்தானியப் படை வாஷிங்டன் நகருக்குத் தீ வைத்தது. சனாதிபதி மாளிகை எரிந்தது. தோண்டன் வரைந்த பாராளுமன்றமும் எரிந்தது. ஆக்கவுரிமைப் பத்திரங்களும் மாதிரியுருக்களும் இருந்த கட்டடத்தைக் கொளுத்த வந்த அதிகாரியிடம் தோண்டன் வாதாடினார். இங்கிருப்பவை ஒரு நாட்டினுடையவை அல்ல, மனித குலத்துக்கே பயன்படுபவை என்னும் வாதம் பலித்தது. அந்த நகரில் தப்பிய அரசாங்கக் கட்டடம் ஏறத்தாழ அஃதொன்றே.

பகைவன் விட்டுவைத்ததைப் பின்னர் சொந்தக் கவலையீனம் விழுங்கிற்று. 1836ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மேயின் மாநில உறுப்பினராகிய ஜோன் ரகிள்ஸ் என்பாரின் முயற்சியால் புதிய சட்டம் வந்தது. இனிமேல் ஒவ்வொரு விண்ணப்பமும் பரிசோதிக்கப்படல் வேண்டும் என்றது அச்சட்டம். பரிசோதகர் என்னும் பதவி அன்றுதான் பிறந்தது. சார்ள்ஸ் கெல்லர் என்னும் இளைஞர் முதலாவது பரிசோதகரானார். தனியொருவர், எல்லாத் துறைகளுக்கும் அவர் ஒருவரே. இலக்கமிடுதலும் அவ்வாண்டே புதிதாகத் தொடங்கிற்று. முதலாம் இலக்கம் ரகிள்ஸ் அவர்களுக்கே கிடைத்தது, புகையிரதச் சக்கரம் ஒன்றுக்காக. ஐந்து மாதங்கள் கழிந்தன. டிசம்பர் 15ஆம் நாள் அதிகாலையில் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழப் பதினாயிரம் ஆக்கவுரிமைப் பத்திரங்களும் ஏழாயிரம் மாதிரியுருக்களும் சாம்பலாயின.

நூலும் ஏடும் எரிந்தால் என்னவாகும் என்பதை, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டும் கேட்டும் வாழ்ந்த நமக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கக் கந்தோருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. உரிமை பெற்றவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருந்ததன்றோ? அவற்றை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். அப்படி மீண்டு வந்தவை 2,845. எஞ்சியவை, அதாவது நாற்பத்தாறு ஆண்டுகளில் அந்த நாட்டார் கண்டுபிடித்தவற்றுள் பெரும்பகுதி, கந்தோரின் நினைவிலிருந்து அகன்றன. இதிலுள்ள கொடுமையைப் பாருங்கள். பரிசோதகரை நியமித்தாயிற்று; அவர் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய பழைய பத்திரங்களோ போயின. படித்து முடிக்காத ஆசிரியரின் நூல்நிலையத்தையே கொளுத்தியதுபோல ஆயிற்று.

இனி, பரிசோதகரின் அன்றாட வேலையைச் சிறிது பார்ப்போம். விண்ணப்பத்தின் இறுதியில் "நான் உரிமை கோருவது இவ்விவற்றை" என்று இலக்கமிட்ட வாசகங்கள் இருக்கும். காணிக்கு எல்லை குறிப்பதுபோல, கண்டுபிடிப்புக்கு எல்லை குறிக்கும் வாசகங்கள் அவை. கண்டுபிடிப்பாளன் தன் வேலியை இயன்றவரை அகலத் தள்ளிப் போடுவான். அவ்வேலிக்குள் ஏற்கெனவே பிறருக்கோ ஊருக்கோ உரிய நிலம் அகப்பட்டிருக்கின்றதா என்று பழைய பத்திரங்களையும் நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடுவது பரிசோதகரின் வேலை. புதியதாயிருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் தேர்ந்தவன் எவனும் எளிதில் எண்ணிவிடக்கூடியதாகவும் அஃது இருத்தலாகாது. முதற் கடிதம் பெரும்பாலும் மறுப்பாகவே போகும். அதை அங்கே எவரும் அவமானமாகக் கொள்வதில்லை. விண்ணப்பகாரரின் சட்டத்தரணி பதில் எழுதுவார். வேலியைச் சிறிது உள்ளே நகர்த்துவார். மீண்டும் பரிசோதகர் எழுதுவார். இப்படிக் கடிதப் போக்குவரத்திலேயே உரிமையின் எல்லை உருவாகின்றது. பாடசாலைக் கட்டுரையை மூன்று முறை திருப்பிக் கொடுத்து எழுதுவிக்கும் ஆசிரியரைப் போல என்று சொல்லலாம்; ஆனால் இங்கே மாணவனுக்குச் சட்டத்தரணி இருக்கின்றார்.

கணினி வருமுன் இந்தத் தேடல் கையாலேயே நடந்தது. பத்திரங்களைத் துறைவாரியாகப் பிரித்துச் சிறு பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பெட்டிகளுக்குக் கந்தோரில் வழங்கிய பெயர் "சப்பாத்து" என்பது. ஜெபர்சன் தம் காலத்தில் சப்பாத்துப் பெட்டிகளில் பத்திரங்களைப் போட்டுவைத்ததால் அந்தப் பெயர் நிலைத்தது என்று ஒரு கதையும் அங்கே உலவிற்று. உண்மையோ பொய்யோ, பழைய கந்தோர் ஒவ்வொன்றுக்கும் அத்தகைய கதையொன்று இருக்கத்தான் செய்யும்.

அங்குள்ள கட்டுப்பாடுகளுள் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. அக்கந்தோரில் பணிபுரிபவர் எவரும், பணியிலுள்ள வரையிலும், விலகிய பின் ஓராண்டு வரையிலும், தமக்கென ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. மரபுரிமையாக வருவது மாத்திரம் விலக்கு. நாள் முழுவதும் பிறருடைய புதுமைகளிடையே உலவுபவர், தம் மூளையிலே தோன்றுவது தம்முடையதா பிறருடையதா என்று தாமே அறியமாட்டார் அல்லவா? சமையற்காரர் விருந்தினருக்கு முன் உண்ணலாகாது என்பதுபோன்ற ஒழுங்கு இது. நல்ல ஒழுங்கு என்றே நினைக்கின்றேன்.

இன்று அக்கந்தோர் வாஷிங்டனுக்கு அண்மையில், வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரில் இருக்கின்றது. பரிசோதகர் எண்ணாயிரவர்க்கு மேல். ஆண்டொன்றுக்கு வரும் விண்ணப்பங்கள் ஐந்து இலட்சத்தைக் கடக்கும். 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு கோடியாவது ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஆனால் ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதற்குப் பரிசோதகர் ஒருவருக்குக் கிடைப்பது, துறைக்குத் துறை கூடிக் குறைந்தாலும், சராசரியாக இருபது மணித்தியாலம் அளவே. இத்தனை காலத்துக்குள் இத்தனை முடித்தல் வேண்டும் என்று கணக்கு உண்டு. கணக்கைக் காட்டி வேலை வாங்கும் இடங்களில் என்ன நிகழும் என்பது திணைக்கள உத்தியோகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆயினும், உலகத்து நூல்களையெல்லாம் இருபது மணித்தியாலத்தில் தேடு என்று சொல்லப்பட்டவர் மீது நாம் கோபிப்பதற்கு முன் சற்றே பொறுத்தல் வேண்டும்.

இக்கந்தோரைப் பற்றி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதையையும் இவ்விடத்தில் கூறவேண்டும். 1899இல் அதன் தலைவராயிருந்த சார்ள்ஸ் டுயெல் என்பவர், கண்டுபிடிக்கவேண்டியவை யாவும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, ஆதலால் கந்தோரையே மூடிவிடலாம் என்று சொன்னாராம். மாணவருக்கு அறிவுரை கூற மிக வசதியான கதை. ஆனால் அப்படி அவர் சொன்னதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. அவ்வாண்டு அறிக்கையிலே அவர் எழுதியவை நேர்மாறானவை. விண்ணப்பங்கள் பெருகுவதைக் காட்டிக் கந்தோரை வலுப்படுத்துமாறு கேட்டிருக்கின்றார். எது முன்னர் சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்று தேடுவதையே தொழிலாகக் கொண்ட கந்தோரின் தலைவர் மீது, சொல்லாததைச் சொன்னதாக உலகம் ஏற்றிவிட்டது வேடிக்கைதான்.

நினைவு என்றேன். அந்த நினைவில் யாருக்கு இடமிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1850களில் மிசிசிப்பி மாநிலத்தில் நெட் என்னும் அடிமையொருவர் பருத்திப் பயிருக்கு உதவும் கருவியொன்றை ஆக்கினார். அவருடைய எசமான் ஒஸ்கார் ஸ்டுவட் அதற்கு ஆக்கவுரிமை கேட்டார். தோட்டத்தில் விளைந்தது எப்படித் தமதோ, அடிமையின் மூளையில் விளைந்ததும் அப்படியே தமது என்பது அவர் வாதம். 1858இல் அரசாங்கச் சட்டத்துறை அதிபர் தீர்ப்புரைத்தார். கண்டுபிடித்தவனே சத்தியஞ்செய்து உரிமை பெறவேண்டும். அடிமையோ சட்டத்தின் முன் குடிமகன் அல்லன். எசமானோ கண்டுபிடித்தவர் அல்லர். ஆகவே இருவருக்கும் உரிமையில்லை என்றார். எசமானின் பேராசைக்குக் கிடைத்த மறுப்பு சரியானதுதான். ஆனால் கருவி இருந்தது, அதை ஆக்கிய கை இருந்தது, பதிவேட்டில் மட்டும் அந்தப் பெயர் ஏறவில்லை.

அடிமைமுறை ஒழிந்த பின்னர், 1877இல், அதே மிசிசிப்பியில் பிறந்த ஹென்றி பேக்கர் என்னும் கறுப்பின இளைஞர் அக்கந்தோரில் பிரதி எழுதுவோராகச் சேர்ந்தார். கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, அங்கே தம் நிறத்துக்காகப் பட்ட துன்பம் தாளாமல் வெளியேறியவர் அவர். கந்தோரில் இருந்துகொண்டே சட்டம் பயின்று, உதவிப் பரிசோதகராக உயர்ந்தார். பதிவேடுகளில் கண்டுபிடிப்பாளரின் இனம் குறிக்கப்படுவதில்லை. அதனால், கறுப்பினத்தார் எதையும் கண்டுபிடித்ததில்லை என்று எவரும் கூசாமல் சொல்லக்கூடியதாயிருந்தது. பேக்கர் பெயர்களைத் தேடித் திரட்டத் தொடங்கினார். அவர் திரட்டிய பட்டியல் 1894இல் காங்கிரசில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஜோர்ஜ் வாஷிங்டன் மரே என்னும் கறுப்பின உறுப்பினர். விவசாயக் கருவிகளுக்குத் தாமே ஆக்கவுரிமை பெற்றவர். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக நாடெங்குமுள்ள சட்டத்தரணிகளுக்குக் கடிதங்கள் எழுதப்பட்டன. வந்த பதில்களுட் சில வாயாற் சொல்லத் தகாத இழிவுரைகள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெயர்களை மட்டும் பேக்கர் எடுத்துக்கொண்டார். நூற்றுக்கணக்கான பெயர்கள் கிடைத்தன. சம்பளத்துக்குச் செய்த வேலையன்று அது. ஒரு பெயர்ப்பட்டியல் என்ன செய்யும் என்று அலட்சியமாகக் கேட்போருக்குப் பேக்கரின் பெயரை நான் சொல்வதுண்டு.

இப்பொழுது நம் அடுக்களைக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கந்தோர் ஓர் ஆக்கவுரிமையை வழங்கியது. அதன் பொருள், காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறை! உரிமையாளர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்து மருத்துவ நிலையம். கண்டுபிடித்ததாகக் கையொப்பமிட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர். மஞ்சள் இந்தியாவில் உளுக்குக்கும் வீக்கத்துக்கும் மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டு வந்தது என்று அந்தப் பத்திரமே ஒப்புக்கொள்கின்றது. ஆனால் காயத்துக்கு என்பது புதிது என்றார்கள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த பேரப்பிள்ளைக்கு மஞ்சளை அரைத்துப் பூசிய பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பரிசோதகர் ஏமாந்தாரா? அன்றைய சட்டப்படி பார்த்தால் அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அமெரிக்காவுக்குள் ஒரு விடயம் பிறருக்குத் தெரிந்திருந்தாலே அது பழையது. வெளிநாட்டில் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அச்சில் வந்திருக்கவேண்டும், அல்லது ஆக்கவுரிமை பெற்றிருக்கவேண்டும். ஆயிரம் கிராமங்களில் இலட்சம் பாட்டிமார் செய்தாலும், எழுத்தில் இல்லையேல் அந்தக் கந்தோரின் கண்ணில் அது நிகழவேயில்லை. 1996இல் இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் மறுபரிசோதனை கேட்டு மனுச் செய்தது. பாட்டிமாரைச் சாட்சிக்கு அழைக்கமுடியாது, நூல்களைத்தான் அழைக்கவேண்டும். முப்பத்திரண்டு சான்றுகளைத் திரட்டினார்கள். சமஸ்கிருதம், உருது, இந்தி மொழிகளிலுள்ள நூற்றாண்டு கடந்த நூல்கள் அவற்றுள் இருந்தன. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையொன்றும் இருந்தது. 1997 ஓகஸ்டில் கந்தோர் தான் வழங்கிய உரிமையின் ஆறு வாசகங்களையும் தானே தள்ளியது. 1998 ஏப்ரலில் அது சட்டப்படி முடிந்தது. தன் தீர்ப்பைத் தானே திருத்தும் வழியைத் திறந்துவைத்திருக்கும் கந்தோர் என்ற வகையில் அதற்குரிய மதிப்பையும் நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

அதன் பின்னர் இந்தியா, மஞ்சளுக்கு ஒன்று வேம்புக்கு ஒன்று என்று வழக்காடிக் காலங்கழிக்க இயலாது என்று கண்டு, பாரம்பரிய அறிவுக்கான எண்ணியல் நூலகம் ஒன்றை 2001இல் தொடங்கியது. ஆயுர்வேதம், யூனானி என்பவற்றோடு தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களின் முறைகளும் அதில் ஏறின. ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், யப்பான் ஆகிய ஐந்து மொழிகளில், பரிசோதகர்களின் பகுப்பு முறைக்கு இசைய அவை பெயர்க்கப்பட்டன. 2009இல் ஐரோப்பியக் கந்தோரும் அமெரிக்கக் கந்தோரும் அதனைப் பார்வையிட உடன்பட்டன. அமெரிக்கச் சட்டமும் மாறிவிட்டது. 2013 மார்ச் மாதத்திலிருந்து, உலகின் எப்பகுதியிலாயினும் பொதுமக்கள் அறியத்தக்கதாயிருந்தது புதியதாகாது. ஆனால் சட்டம் காதைத் திறந்துவிட்டதனால், மேசையிலிருக்கும் பரிசோதகருக்கு ஏழாலையிலோ மட்டக்களப்பிலோ ஒரு பரிகாரி சொல்வது கேட்டுவிடுமா? அவர் தேடுவது எழுத்தில் இருப்பதையே.

நம்மிடமும் எழுத்தில் உள்ளவை உண்டு. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்துள்ளன. அச்சேறாத ஏடுகளும் வைத்தியர் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ்க் கொழும்பிலே தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இயங்குகின்றது.

இன்னொரு வழியும் இருக்கின்றது. நம்மிற் பலர் அறியாதது. அமெரிக்கக் கந்தோர் விண்ணப்பங்களைப் பொதுவாகப் பதினெட்டு மாதங்களின் பின் வெளியிடுகின்றது. 2012 செப்டெம்பர் முதல், வெளியான விண்ணப்பமொன்றைப் பற்றி எவரும் "இது பழையது, இதோ அச்சிட்ட சான்று" என்று குறித்த காலத்துள் அக்கந்தோருக்கு அனுப்பலாம். அனுப்புபவர் அமெரிக்கராயிருத்தல் வேண்டும் என்ற விதியில்லை. முதன்முறையாக அனுப்புவோர்க்கு மூன்று சான்றுகள் வரையிற் கட்டணமும் இல்லை. நூல் தமிழிலிருந்தால் உரிய பக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், அது விண்ணப்பத்தின் எந்தப் பகுதியைத் தொடுகின்றது என்ற சிறு குறிப்பையும் சேர்த்தனுப்புதல் வேண்டும்.